கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு காடு: பாம்பு வளர்ப்பும் பச்சையின் வாதமும்

இந்திய நகரங்களில் பாம்பு வளர்ப்போரின் பெட்டிகள் அண்மைக் காலத்தில் உருமாறி வருகின்றன. செய்தித்தாள் விரித்த பிளாஸ்டிக் தட்டும், ஒரு தண்ணீர்க் கிண்ணமும், கவிழ்த்து வைத்த மண்சட்டியும் இருந்த இடத்தில் இன்று தென்னைநார்த் தூள், இலைச்சருகு, பாசி, வேர்விட்ட செடிகள் எனப் பசுமை குடியேறியிருக்கிறது. மண்ணுக்குள் கழிவை மட்கச் செய்யும் சிற்றுயிர்கள் விடப்படுகின்றன. 'பயோஆக்டிவ்' என்ற பெயரில் அறியப்படும் இம்முறை, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தவளை, பல்லி வளர்ப்போரிடையே தோன்றிப் பின்னர் பாம்பு வளர்ப்புக்குள் நுழைந்தது. பெங்களூர், மும்பை, ஹைதராபாத், சென்னை போன்ற நகரங்களில் இதைப் பின்பற்றுவோர் பெரும்பாலும் படித்த இளைஞர்கள். அவர்களுள் உயிரியல் மாணவர்களும் ஆய்வாளர்களும் உண்டு. ஆகவே இது கல்விப்புலத்துக்கு வெளியே நடக்கும் ஏதோ ஒரு பொழுதுபோக்கு என ஒதுக்கிவிட இயலாது.

இந்த மாற்றம் பாம்புக்கு நன்மை தருவதே. அதை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. ஆயினும் செடி வைத்த பெட்டி ஒன்று, தான் தரும் நன்மையைவிடப் பெரிய ஒரு வாதத்தைத் தன்னுடன் சுமந்து வருகிறது. 'இங்கே இயற்கை இருக்கிறது. எனவே இங்கே குற்றம் ஏதும் இல்லை' என்பதே அந்த வாதம். பச்சை நிறம் சொல்லும் இந்த வாதத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதால் யாரும் அதை மறுப்பதும் இல்லை. பாம்பின் தேவை என்ன, அந்தப் பாம்பு எங்கிருந்து வந்தது என்னும் இரு கேள்விகளும் அதன் பின்னே மறைந்துபோகின்றன.

முதலில் சொற்களைக் கவனிக்க வேண்டும். விலங்கை அடைத்து வைக்கும் இடத்துக்குத் தமிழில் கூண்டு, கூடு, பெட்டி, அடைப்பு, பட்டி, தொழுவம் எனப் பல சொற்கள் உள்ளன. பாம்புக்கு நெடுங்காலமாக உரியதாக இருந்தது பிடாரனின் கூடை. இன்றைய வளர்ப்போர் இவற்றுள் எதையும் ஆள்வதில்லை. 'செட்டப்' என்பதே அவர்தம் பேச்சுவழக்கு. செடி வைத்துவிட்டால் அது 'ஹேபிடேட்' ஆகிறது. தமிழில் எழுதும்போது 'வாழிடம்' ஆகிறது. கூண்டு என்ற சொல்லில் அடைத்தவர் ஒருவரும் அடைபட்ட ஒன்றும் இருப்பது வெளிப்படை. வாழிடம் என்ற சொல்லில் வாழ்கின்ற ஒன்று மட்டுமே எஞ்சுகிறது. அடைத்தவர் சொல்லிலிருந்து வெளியேறிவிடுகிறார். பூட்டும் கண்ணாடியும் முன்பிருந்தபடியே இருக்கின்றன.

இலக்கணத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 'செடி வளர்கிறது' என்பது தன்வினை. 'பாம்பை வளர்க்கிறார்' என்பது பிறவினை. ஓர் ஒற்று மிகுவதால் வினைமுதல் மாறுகிறது; பொறுப்பும் கைமாறுகிறது. 'வாழிடத்தில் பாம்பு வளர்கிறது' என்று எழுதும்போது பிறவினை தன்வினையாக வேடமிடுகிறது. பெட்டிக்குள் உண்மையில் தானாக வளரக்கூடியது செடி ஒன்றே. பாம்பு உண்ணும் எலி, அது பெறும் வெப்பம், அது காணும் இருள், அது நகரக்கூடிய தொலைவு ஆகிய அனைத்தையும் வேறொருவர் முடிவு செய்கிறார். செடியின் தன்வினையைப் பாம்பின் மேல் ஏற்றிச் சொல்வதுதான் இந்தப் புதிய சொல்லாட்சியின் வேலை.

இனி, செடிகள் உண்மையில் என்ன செய்கின்றன என்று பார்க்கலாம். இலைப்பரப்பு மறைவிடம் தருகிறது. வேரும் மண்ணும் ஈரத்தைப் பிடித்து வைத்து மெல்ல வெளிவிடுவதால் பெட்டிக்குள் ஈரப்பதம் சட்டென ஏறி இறங்குவதில்லை. பாம்பு தோலுரிக்கும் நாட்களில் இது பெரிதும் உதவும். ஸ்பிரிங்டெயில் எனப்படும் நுண்பூச்சிகளும், ஐசோபாட் எனப்படும் ஓடுடைய சிற்றுயிர்களும் பூஞ்சையையும் மட்கும் பொருளையும் தின்று மண்ணைச் சீராக வைக்கின்றன. நாவால் காற்றைத் துழாவி, மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்பின் வழியே உலகை அறிகின்ற உயிரினத்துக்கு, மணங்கள் நிறைந்த மண் வெற்றுக் காகிதத்தைக் காட்டிலும் பொருள் மிக்கது என்பதிலும் ஐயமில்லை.

ஆய்வுகளும் இத்திசையில் செல்கின்றன. அல்ம்லி, பர்க்ஹார்ட் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, செறிவூட்டப்பட்ட சூழலில் வளர்ந்த எலிப்பாம்புகளின் நடத்தை வெற்றுக் கூண்டில் வளர்ந்தவற்றின் நடத்தையிலிருந்து வேறுபட்டதைக் காட்டியது. 2021இல் சோளப்பாம்புகளை வைத்து நடந்த பிரிட்டிஷ் ஆய்வொன்றில், வெற்றுப் பெட்டிக்கும் செறிவான பெட்டிக்கும் இடையே தெரிவு தரப்பட்டபோது பாம்புகள் செறிவானதை நாடின. அதே ஆண்டு ஜெர்மனியில் பந்து மலைப்பாம்புகளைக் கொண்டு நடந்த ஆய்வு, இழுப்பறை போன்ற அடுக்குப் பெட்டிகளையும் கண்ணாடித் தொட்டிகளையும் ஒப்பிட்டு, தொட்டியில் காணப்பட்ட இயல்பான நடத்தைகள் சில அடுக்குப் பெட்டியில் இயலாமல் போவதைச் சுட்டியது. பாம்பு ஒரு மரக்கட்டை போன்றது, உணவும் சூடும் இருந்தால் போதும் என்ற பழைய வளர்ப்போர் நம்பிக்கையை இவை தகர்த்துவிட்டன.

இங்கே ஒரு படியைத் தாவிவிடக் கூடாது. இந்த ஆய்வுகள் சோதித்தது சூழலின் செறிவை: ஒளிந்துகொள்ள இடம், ஏற ஒரு கிளை, தோண்ட ஓர் அடிப்பரப்பு, நடமாடப் போதிய வெளி. செடி உயிருள்ளதா பிளாஸ்டிக்கா என்பது அவற்றின் கேள்வியாக இருக்கவில்லை. செறிவு நன்று என்ற முடிவிலிருந்து உயிர்ச்செடி இன்றியமையாதது என்ற முடிவுக்கு வர இன்னும் சில சான்றுகள் தேவை. உயிர்ச்செடி வைத்துவிட்டால் செறிவு வந்துவிட்டது என்ற முடிவுக்கோ எந்தச் சான்றும் போதாது. 45 செ.மீ. நீளப் பெட்டியில் அடர்ந்த செடிகளை நட்டு, அதில் ஒரு மீட்டர் நீளப் பாம்பை விட்டால், படத்தில் அது காடாகத் தெரியும். பாம்புக்கு அது நெருக்கடியான ஒரு பெட்டிதான்.

இந்தியாவில் வெளிநாட்டுப் பாம்பு வளர்ப்போர் பலரும் முதலில் வாங்குவது பந்து மலைப்பாம்பு. எனவே அதையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளும் மரங்கள் அருகிய வெளிகளும் அதன் நிலம். கொறிவிலங்குகளின் வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலைக் கழித்து இரவில் வெளிவருவது அதன் வழக்கம். வளர்ந்த பாம்பு பெரும்பாலும் 90 முதல் 150 செ.மீ. வரை இருக்கும், நல்ல பராமரிப்பில் 20, 30 ஆண்டுகள் உயிர்வாழும். அச்சுறும்போது தலையை நடுவில் மறைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். வணிகப் பெயர் அதிலிருந்து பிறந்தது. ஓர் உயிரினத்தின் பெயரே அதன் அச்சத்தின் வடிவமாக இருப்பதை வாங்குவோர் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறார்கள்? 'ரொம்ப சாதுவான பாம்பு' என்று விற்பவர் காட்டும் அந்தச் சுருண்ட உருவம், அது அஞ்சியிருக்கும்போது எடுக்கும் உருவம்.

இந்தப் பாம்புக்காக அமைக்கப்படும் பசும்பெட்டியில் வழக்கமாக இருப்பவை எவை? மணி பிளான்ட் கொடி. அதன் தாயகம் பசிபிக்கில் உள்ள மொரேயா தீவு. பிரோமிலியாட், அது அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலத்துக்கு உரியது. பெரணி, பாசி, இவை ஈரக்காட்டின் அடித்தளத்தை நினைவூட்டுபவை. இவற்றோடு நாற்றங்கால்களில் ஸ்னேக் பிளான்ட் என்ற பெயரில் விற்கப்படும் வாள்போன்ற இலைச்செடி. வேடிக்கை என்னவெனில், இலையின் வரிகளுக்காகப் பாம்பின் பெயரைப் பெற்ற இச்செடி ஒன்றுதான் பாம்பின் தாயகமான மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மற்றவை கூடி உருவாக்குவது ஒரு மழைக்காட்டின் தோற்றம். புல்வெளிப் பாம்பை மழைக்காட்டில் வைத்து அதற்கு இயற்கை என்று பெயர் சூட்டுகிறார்கள்.

தமிழ் பயின்றோர்க்கு இதைச் சொல்ல ஒரு கலைச்சொல் கைவசம் உண்டு. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் ஆகியவற்றை நிலத்தோடு பிணைத்துக் கருப்பொருள் என வகுத்த மரபு இது. எந்த மரத்தின் கீழ் எந்த விலங்கு நிற்கும் என்பது அங்கே அலங்காரத்தின் பாற்பட்டதன்று, நிலத்தின் பாற்பட்டது. தொல்காப்பியம் திணை மயங்குவதற்கு இடம் தந்தபோதும் நிலம் மயங்குவதற்கு இடம் தரவில்லை. கண்ணாடிப் பெட்டியில் நிகழ்வதோ நிலமயக்கமே. மூன்று கண்டங்களின் செடிகளும் நான்காவதொரு இடத்தின் விலங்கும் ஐந்தாவதாக ஓர் அடுக்குமாடி அறையில் கூடுகின்றன. அந்தக் கூட்டத்தை இயற்கை என ஏற்கச் செய்வது, பச்சையாக இருப்பதெல்லாம் காடு, காடெல்லாம் ஒன்றே எனக் கருதும் நகரத்துக் கண்.

அப்பாம்புக்கு மிகத் தேவையானவை பெரும்பாலும் படத்தில் தெரியாதவை. உடல் நாற்புறமும் உரசும் அளவுக்கு இறுக்கமான இருண்ட பொந்து ஒன்று வெப்பமான பக்கத்திலும், மற்றொன்று குளிர்ந்த பக்கத்திலும் வேண்டும். ஒரு பக்கம் ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 26 டிகிரி என வெப்பத்தில் படிநிலை வேண்டும். குளிர்குருதி விலங்கு தன் உடல்வெப்பத்தை இடம் மாறியே சீர்செய்துகொள்கிறது. முழு உடலையும் நீட்டிக்கொள்ளும் அளவுக்கு இடம் வேண்டும். கிளிஃபோர்ட் வார்விக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2019இல் இதனை வலியுறுத்தி எழுதினர்; பாம்பு எந்நேரமும் சுருண்டே கிடக்கும், நீட்டுவதற்கு இடம் எதற்கு என்ற வழக்கமான பதிலுக்கு, இடமில்லாத பெட்டியில் வேறெப்படிக் கிடக்கும் என்பதே மறுமொழி.

செடியின் தேவையும் பாம்பின் தேவையும் சில இடங்களில் மோதவும் செய்கின்றன. செடிக்கு நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணிநேரம் நல்ல வெளிச்சம் வேண்டும். இரவில் உலவும் பாம்பு பகலில் இருளை நாடும். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள பாம்பு மென்மையான செடியை இரண்டே இரவுகளில் சாய்த்துவிடும். அப்போது வளர்ப்பவர் செய்வது என்ன? செடியைக் காப்பாற்றத் தடித்த இலையுள்ளதைத் தேர்கிறார், அடிமண்ணைக் கல்லிட்டு இறுக்குகிறார், பாம்பு தோண்ட இயலாதபடி வேரைக் காக்கிறார். யாருக்காகப் பெட்டி அமைக்கப்படுகிறது என்பது அந்தத் தருணத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. சிற்றுயிர்கள் இருப்பதால் துப்புரவே தேவையில்லை என்பதும் மிகை. விரல்நீளத் தவளையின் கழிவுக்கு ஈடுகொடுக்கும் சிற்றுயிர்ப் படை, எலியை முழுதாய் விழுங்கும் பாம்பின் கழிவுக்கு ஈடுகொடுக்காது. கையால் அள்ளியே தீர வேண்டும்.

இந்தியத் தட்பவெப்பம் மற்றொரு சிக்கல். பராமரிப்புக் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. சூடேற்றுவது எப்படி என்பதே அவற்றின் முதன்மைக் கவலை. மே மாதத்து டெல்லியிலோ ஹைதராபாத்திலோ அறையே 40 டிகிரியை நெருங்கும்போது பெட்டியின் குளிர்ந்த பக்கம் என ஒன்று இருப்பதில்லை. மின்தடை நேரத்தில் மூடிய கண்ணாடித் தொட்டி அடுப்பாகிவிடும். பெரணி வாடும், பாசி கருகும், பாம்பு அசையாமல் கிடக்கும். செடியின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. முனகாத, முகம் சுளிக்காத விலங்கொன்றின் அருகே, சூழல் கெட்டால் இலை வாடிக் காட்டும் உயிரொன்று இருக்கிறது. அந்தச் சாட்சியைக் கேட்பதற்கு மாறாக, வாடாத மணி பிளான்ட்டைத் தேடி நடுவது சாட்சியை மாற்றி வைப்பதற்கு ஒப்பானது.

அளவுகோல் ஒன்று இல்லை என்றும் சொல்ல முடியாது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நியாயமான அளவுக்கு அசைய இடம் தராத உயர, நீள, அகலம் கொண்ட கூண்டில் எந்த விலங்கை அடைப்பதையும் கொடுமை எனக் கொள்கிறது. அச்சட்டத்தில் விலங்கு என்பது மனிதர் அல்லாத எல்லா உயிரினத்தையும் குறிக்கும். பாம்பும் அதில் அடங்கும். சட்டம் அழகைப் பற்றிப் பேசவில்லை, பசுமையைப் பற்றியும் பேசவில்லை. அசைவைப் பற்றிப் பேசுகிறது. பாம்பின் நீளத்தையும் பெட்டியின் நீளத்தையும் அளந்து பார்க்க ஒரு தையல் நாடா போதும். பெட்டியின் படத்தைப் பதிவிடும் எவரும் இவ்விரு எண்களையும் உடன் பதிவிடலாம்.

இரண்டாவது கேள்வி, பாம்பு எங்கிருந்து வந்தது என்பது. உள்நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நல்லபாம்பாயினும் சாரையாயினும், பண ஆசை காட்டி ஏமாற்றுவோர் கைமாற்றும் மண்ணுளிப் பாம்பாயினும் இதில் வேறுபாடு இல்லை. ஆகவேதான் பொழுதுபோக்கு வெளிநாட்டு இனங்களின் பக்கம் திரும்பியது. 2020 ஜூனில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் ஆறு மாதங்களுக்குள் தாமாக முன்வந்து அறிவித்தால் மூல ஆவணங்கள் கேட்கப்படமாட்டா என அறிவித்தது. 2022இல் நிறைவேறி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம், சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள இனங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்தது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகள் அவற்றைப் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்யக் கோரின. பந்து மலைப்பாம்பு சைட்டிஸ் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளது. எனவே அதற்கும் இது பொருந்தும்.

பதிவு என்பது இன்று யாரிடம் இருக்கிறது என்பதைச் சொல்லும். எப்படி வந்தது என்பதை அது எப்போதும் சொல்லிவிடாது. 2023 ஜூலையில் திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த பயணி ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் இரண்டு பல்லிகளும் பிடிபட்டன. 2024 ஏப்ரலில் பெங்களூர் விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டியில் 10 மஞ்சள் அனகோண்டாக்கள் இருந்தன. பிடிபடாமல் வந்தவை எத்தனை என்பதை யாரும் அறியார். அவை வந்து சேரும் இடங்களுள் அழகிய பசும்பெட்டிகளும் இருக்கக்கூடும். சட்டப்படியான வணிகத்தின் கணக்கும் எளிதானதன்று. 1975 முதல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஏற்றுமதியான உயிருள்ள பந்து மலைப்பாம்புகள் 30 லட்சத்துக்கும் மேல். டோகோ, பெனின், கானா நாடுகளில் கருவுற்ற பெண்பாம்புகளையும் முட்டைகளையும் வளைகளிலிருந்து தோண்டி எடுத்து, குஞ்சு பொரித்ததும் ஏற்றுமதி செய்வது அந்த வணிகத்தின் ஒரு முறை. இன்று அந்த இனம் அச்சுறுநிலையை அண்மித்த இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தால் வகைப்படுத்தப்பட்டுள்ளது. வளையைத் தோண்டி எடுத்த ஒன்றுக்கு, அறைக்குள் செயற்கை வளை அமைத்துக் கொடுப்பதை இயற்கைக்கு மீட்டல் என எழுதுவது சொல்லின் மேல் இழைக்கும் அநீதி.

எதிர்வாதங்களுள் வலிமையானது ஒன்றுண்டு. பாம்பைக் கண்டால் அடித்துக் கொல்லும் நாட்டில், பாம்பை அழகாகக் காட்டும் ஒரு பெட்டி அச்சத்தைக் குறைக்கிறது. அன்பு பிறந்த பின்னரே பாதுகாப்பு பிறக்கும் என்பர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இந்தியாவில் பாம்பைப் பற்றிய அச்சம் வெறும் மூடநம்பிக்கையால் விளைந்ததன்று. 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிற்றூர்களைச் சேர்ந்தவர்கள். வயலில் வெறுங்காலுடன் நடப்பவருக்குக் கண்ணாடி விரியனையும் கட்டுவிரியனையும் பற்றிய அறிவு தேவை. நகரத்து வரவேற்பறையில் நஞ்சில்லாத ஆப்பிரிக்கப் பாம்பொன்று அந்த அறிவைத் தராது. அந்த வேலையைச் செய்பவை வேறு: 1970களில் தொடங்கப்பட்ட சென்னைப் பாம்புப் பண்ணையைப் போன்ற நிறுவனங்கள், நஞ்சு எடுத்தபின் பாம்பைத் திரும்ப விட்டுவிடும் இருளர் கூட்டுறவுச் சங்கம், கிராமங்களில் முதலுதவியும் மருத்துவமனைக்கு விரைதலும் பற்றிப் பேசுவோர். பெட்டியின் முன் பிறக்கும் அன்பு பெட்டியின் மேல்தான் முதலில் படர்கிறது. அடுத்த பெட்டியை வாங்கச் செய்கிறது.

பாம்பையும் செடியையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் ஆசை இந்தியாவுக்குப் புதிதன்று. கேரளத்தின் சர்ப்பக் காவுகளும் துளுநாட்டின் நாகபனங்களும் அந்த ஆசையின் பழைய வடிவங்கள். வீட்டு மனையின் ஒரு மூலை வெட்டப்படாமல் விடப்படும். அங்கே மரமும் கொடியும் சருகும் சேரும். பாம்பு வரலாம், வராமலும் இருக்கலாம். ஹரிப்பாட்டை அடுத்த மண்ணாறசாலையின் காவு பலரும் அறிந்தது. மலையாளத்துக் காவும் திருவானைக்கா போன்ற ஊர்ப்பெயர்களில் தமிழ் காத்து வைத்திருக்கும் 'கா'வும் சோலையையே குறிக்கின்றன. காத்தல் என்ற வினையோடு அது ஒலியில் ஒன்றுவதை வேர்ச்சொல் ஆய்வாக்க வேண்டியதில்லை. பொருத்தமான தற்செயல் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். பந்து மலைப்பாம்பின் சொந்த மண்ணிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. பெனின் நாட்டின் விதா நகரில் மலைப்பாம்புக் கோயில் ஒன்று இருக்கிறது. அங்குள்ள பாம்புகள் இரவில் வெளியே சென்றுவர விடப்படுவதும், வீட்டுக்குள் நுழைந்தவற்றை ஊரார் துன்புறுத்தாது மீண்டும் கோயிலில் சேர்ப்பதும் வழக்கம்.

இவற்றைப் பொற்காலமாகப் போற்ற வேண்டியதில்லை. காவுகள் சாதியும் சொத்துரிமையும் கலந்தவை. பல இடங்களில் மரங்களை வெட்டிச் சிமெண்ட் மேடை கட்டி, அதன் மேல் கல்நாகத்தை அமர்த்திவிட்டார்கள். அங்கே செடி போய்த் தெய்வம் எஞ்சியது. கண்ணாடிப் பெட்டியில் செடி வந்து வெளி போயிற்று. ஆயினும் காவின் அமைப்பில் ஒரு கொள்கை இருக்கிறது. அங்கே மனிதர் செடியை விட்டுவைக்கிறார். பாம்பின் வரவு பாம்பின் முடிவு. கண்ணாடிப் பெட்டியில் பாம்பின் வரவு மனிதரின் முடிவு. செடி பின்னர் வந்து அதை அலங்கரிக்கிறது. தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள அந்த ஓரெழுத்து வேறுபாடு இதுதான்.

அப்படியானால் செய்யத்தக்கவை எவை? ஏற்கெனவே சட்டப்படிப் பதிவு செய்த பாம்பை வைத்திருப்பவர் அதை வெளியே விட்டுவிடக் கூடாது. விடப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் செய்த கேடு உலகறிந்தது. அவர் கடமை, இருப்பதைச் செம்மையாக வைத்திருப்பது: வளர்ந்த பாம்புக்குக் குறைந்தது 120 செ.மீ. நீளம், பாம்பு அதைவிட நீண்டதாயின் பாம்பின் நீளம், இரு பொந்துகள், இரு முனைகளிலும் வெப்பமானி, கோடைக்கு மாற்று ஏற்பாடு, அதன் பிறகு செடி. உரமோ பூச்சிமருந்தோ கலந்த நாற்றங்கால் மண்ணை உதிர்த்துவிட்டு, சில வாரங்கள் தனியே வைத்திருந்து, அதன் பின்னரே செடியை நட வேண்டும். புதிதாக வாங்க எண்ணுபவர், 20 ஆண்டுக்கு மேல் வாழும் ஓர் உயிரின் மூலத்தைக் காட்டும் ஆவணம் கையில் இல்லையெனில் வாங்காதிருப்பதே அறம். செடியோடு கூடிய நல்ல பெட்டிகள் மிகவும் தேவைப்படும் இடம் வீடன்று. கடத்தலில் மீட்கப்பட்டு, எங்கும் திருப்பி அனுப்ப இயலாத பாம்புகளைத் தாங்கும் உயிரியல் பூங்காக்களும் மீட்பு மையங்களுமே அவ்விடம். இப்பொழுதுபோக்கில் திரண்டிருக்கும் தொழில்நுட்ப அறிவும் உழைப்பும் அங்கே சென்று சேர்ந்தால் பயன் பெருகும்.

கல்விப்புலத்தாருக்கு இன்னும் எளிய வழி ஒன்றுண்டு. பல்கலைக்கழக வளாகங்கள் பலவற்றில் புதர், சருகு, குளக்கரை, பழைய கல்மேடு ஆகியவை இன்னும் மிஞ்சியிருக்கின்றன. அங்கே சாரையும் நீர்க்கோலியும் கொம்பேறிமூக்கனும் தம் போக்கில் வாழ்கின்றன. அழகுபடுத்தல் என்ற பெயரில் அந்த மூலைகள் ஆண்டுதோறும் வெட்டப்பட்டுப் புல்தரையும் தரைக்கல்லும் ஆகின்றன. விடுதிக்கும் நடைபாதைக்கும் அருகே புதரைக் களைந்து வெளிச்சம் போட வேண்டும். இரவில் காலணியும் கைவிளக்கும் இன்றி நடக்கக் கூடாது. மீட்பவரின் எண் வாயிற்காவலரிடம் இருக்க வேண்டும். இவை செய்யப்பட்டால், தொலைவிலுள்ள மூலையை விட்டுவைப்பதில் ஆபத்து குறைவு. பெட்டிக்குள் ஒரு சதுர அடிப் பசுமையை அமைக்கச் செலவிடும் பொறுமையில் சிறு பங்கை, வளாகத்தின் அடுத்த 'அழகுபடுத்தல்' தீர்மானம் வரும் கூட்டத்தில் எழுந்து பேசச் செலவிட்டால், எந்தப் பூட்டும் இல்லாத ஓரிடத்தில் பாம்பும் செடியும் சேர்ந்திருக்கும்.